பாதிக் கொட்டகைக்கு ஓம எண்ணெய்

அவருக்கு டானிக் என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. கோழிப் பண்ணைகளுக்கு மருந்து விற்கிறவர். பைக்கின் இரு பக்கமும் இரண்டு பை, பை நிறையப் பாக்கெட்டும் பாட்டிலும், வாய் நிறையப் பேச்சு. கோழி தூங்கினால் ஒரு டானிக், தூங்காவிட்டால் ஒரு டானிக், எடை ஏறாவிட்டால் ஒன்று, ஏறிவிட்டால் அதைக் காப்பாற்ற இன்னொன்று. இருபது வருடத்தில் அவருடைய சொந்தப் பெயரை வீட்டுக்காரியே மறந்துவிட்டாள் என்று பண்ணைக்காரர்கள் கேலி பேசுவார்கள். மனிதர் கோபித்துக்கொள்ளவே மாட்டார். "டானிக்குன்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்கறேன்ல, அப்புறமென்ன?" என்பார்.

இந்த மனிதருக்கு ஒரு தங்கை. உண்மையைச் சொன்னால் இது அவள் கதை. ஆனால் எல்லாவற்றையும் கூடவே நின்று பார்த்தவரும், பார்த்து வாயடைத்துப் போனவரும் டானிக்தான். அதனால் அவர் பக்கத்தில் நின்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது.

தங்கைக்கு ஒரு கொட்டகை, ஆறாயிரம் கோழி. குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும், நாற்பது நாள் வளர்த்துத் திருப்பிக் கொடுப்பது அவள் வேலை. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் வெளியூர். ஆகவே கொட்டகையின் முழுப் பாரமும் அவள் தலையில்தான். போன இரண்டு தடவையும் பாதி வளர்ந்த கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கம்பெனி சூப்பர்வைசர் வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கறாராகச் சொல்லிவிட்டார். "அக்கா, மூணாவது தடவையும் இப்படி ஆச்சுன்னா இந்தக் கொட்டகையில இனிமே குஞ்சு இறக்க மாட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல." குஞ்சு இறங்காத கொட்டகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தகரத்தைப் பிரித்து எடைக்குப் போட வேண்டியதுதான். பன்னிரண்டு வருட உழைப்பு அது.

மூன்றாவது தடவை பதினாறாம் நாள் காலையில் டானிக்குக்கு போன் வந்தது.

"அண்ணே, இருபத்தொண்ணு."

என்ன இருபத்தொன்று என்று அவர் கேட்கவில்லை. பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் கொட்டகை வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் செத்த கோழி ஒன்றை மல்லாத்தி அறுத்துக்கொண்டிருந்தாள். கையுறை, முகத்தில் துணி. கத்தி நுனியால் ஈரலைத் தூக்கிக் காட்டினாள். பாலாடை மாதிரி ஒரு வெள்ளைப் படலம் ஈரல் முழுக்கப் போர்த்தியிருந்தது. இதயத்தின் மேலும் அதேதான்.

"அதே நோய்" என்றாள்.

"ஒண்ணும் கவலப்படாத. புதுசா ஒரு மருந்து வந்திருக்கு. அஞ்சு நாள் தண்ணில போடு, பறந்துடும்."

"போன தடவையும் இதத்தான் சொன்னே. அதுக்கு முன்னாடியும் இதத்தான் சொன்னே. பறந்தது என் கோழிதான்."

டானிக் மருந்துப் பைக்குள் விட்ட கையை வெளியே எடுத்தார்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கொட்டகையில் குஞ்சு இறங்குகிற முதல் நாள், நோய் நொடி எதுவும் இல்லாதபோதே, தண்ணீரில் ஒரு ஆண்டிபயாட்டிக் கலப்பது வழக்கம். டாக்டர் சீட்டெல்லாம் கிடையாது. லாரியிலிருந்து குஞ்சு இறங்கும், பைக்கிலிருந்து டானிக் இறங்குவார், தன் கையாலேயே தொட்டியில் ஊற்றுவார். "வருமுன் காக்கணும்ல" என்பார். எட்டு வருடமாக இதுதான் நடந்து வந்தது. தங்கைக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வது என்ற பாசம்தான். பாசத்தில் குறை சொல்ல முடியாது.

"இந்தத் தடவ லேபுக்குக் கொண்டு போறேன்" என்று சொல்லி அவள் இரண்டு கோழிகளைப் பையில் போட்டுக் கட்டினாள். "நீ வண்டிய எடு."

கால்நடைப் பரிசோதனைக்கூடம் இரண்டே அறை. ஒன்றில் நோயைப் பார்த்தார்கள், இன்னொன்றில் பாத்திரம் கழுவினார்கள். அங்கிருந்த டாக்டரம்மா குட்டையானவர், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டு மேசையெல்லாம் அதைத் தேடுகிறவர். மாதிரியை எடுத்துக்கொண்டு மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். போனபோது ஒரு வட்டத் தட்டை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தார். தட்டு முழுக்க வெளிறிய பாசிபோலக் கிருமி வளர்ந்திருந்தது. அதன்மேல் எட்டுச் சின்ன வெள்ளை வில்லைகள்.

"ஒவ்வொரு வில்லையும் ஒரு மருந்து. மருந்து வேலை செஞ்சா வில்லையச் சுத்திக் கிருமி வளராது, தெளிவா ஒரு வட்டம் தெரியும். எங்கயாவது வட்டம் தெரியுதா பாருங்க."

தங்கை தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். டானிக்கும் எட்டிப் பார்த்தார். எட்டு வில்லையையும் கிருமி ஒட்டி உரசிக்கொண்டு வளர்ந்திருந்தது. அந்த எட்டில் ஆறு அவர் பையில் அப்போதும் இருந்தன.

"முன்னாடி என்ன மருந்து குடுத்திருக்கீங்க?"

"முதல் நாள் தண்ணியில ஒண்ணு. எட்டு வருஷமா, ஒவ்வொரு தடவையும்."

"நோயே இல்லாதப்பவா? அது கிருமிக்கு நீங்க நடத்தின பயிற்சி வகுப்பும்மா. பலவீனமானது செத்துடும், தாங்கினது தங்கிடும். எட்டு வருஷம் தங்கினதுக்கு இப்ப எதைக் கண்டும் பயமில்ல. யார் குடுக்கச் சொன்னது?"

டானிக் சுவரில் தொங்கிய காலண்டரை மிகுந்த அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தார்.

"நாங்கதான் டாக்டரம்மா" என்றாள் தங்கை. அண்ணன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

வெளியே வந்ததும் அவர் அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "இங்க பாரு. இன்னொரு மருந்து இருக்கு. கோழிக்குக் குடுக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க, ஆனா எனக்கு ஆள் தெரியும். மத்தியானத்துக்குள்ள கொண்டு வந்துடறேன்."

"எதுக்குத் தடை?"

"ஆஸ்பத்திரியில எந்த மருந்தும் கேக்காதவங்களுக்குக் கடைசியா குடுக்கறதாம்."

"அடப்பாவி அண்ணே! மனுஷனுக்குக் கடைசின்னு எடுத்து வெச்சத என் கோழிக்கு ஊத்தச் சொல்றியா? நாளைக்கு உனக்கோ எனக்கோ ஒண்ணுன்னா, அந்தக் கடைசியும் கேக்காமப் போயிட்டா யாரத் தேடுவ?"

"உன் கொட்டகை போயிடும்டி!"

"தெரியும். நீ சொல்லித்தான் தெரியணுமா?"

சொல்லிவிட்டு அவள் திரும்ப லேபுக்குள் போனாள். டாக்டரம்மாவிடம் போய், மருந்து எதுவும் கேட்காவிட்டால் வேறு எது கேட்கும் என்று நேராகக் கேட்டாள். டாக்டரம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, குளிர்பெட்டியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்தார். வேறு பண்ணைக் கிருமி, நடுவில் ஒரே ஒரு வில்லை. அதைச் சுற்றி விரல் அகலத்துக்குச் சுத்தமான வட்டம்.

"ஓம எண்ணெய். கிராம்பு, பட்டை எல்லாம் வெச்சுப் பாத்துட்டிருக்கோம். இது நல்லாக் கேக்குது. ஆனா ஒண்ணு, தட்டுல கொல்றது வேற, கோழி வயித்துல கொல்றது வேற. நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"என் கோழியோட கிருமியில வெச்சுக் காட்டுங்க. நாளைக்கு வரேன்."

மறுநாள் அவள் கிருமியிலும் அதே வட்டம் தெரிந்தது. டானிக் அதைப் பார்த்துவிட்டு, "சமையல்கட்டுச் சாமான்ல நோய் போறதா இருந்தா நான் எதுக்கு இருபது வருஷமா வெயில்ல பைக் ஓட்டறேன்?" என்று முணுமுணுத்தார். தங்கை காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டரம்மாவிடம் அளவை எழுதி வாங்கிக்கொண்டாள்.

அவள் அடுத்துச் செய்த காரியம்தான் டானிக்கைத் தலையில் அடித்துக்கொள்ள வைத்தது. கொட்டகையை நடுவில் ஒரு கம்பிவலை இரண்டாகப் பிரிக்கிறது. இடது பக்கம் மூவாயிரம், வலது பக்கம் மூவாயிரம். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனித் தண்ணீர்த் தொட்டி, தனித்தனிக் குழாய். குழாயில் வரிசையாகச் சின்ன நிப்பிள்கள், கோழி கொத்தினால் ஒரு சொட்டுத் தண்ணீர் வரும். அவள் எண்ணெயை இடது தொட்டியில் மட்டும் ஊற்றினாள்.

"பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு? வீடு பத்தி எரியறப்ப பாதி வீட்டுக்குத்தான் தண்ணி ஊத்துவியா?"

"ரெண்டு பக்கமும் ஊத்திச் சாவு நின்னுச்சுன்னா, எதால நின்னுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ எட்டு வருஷமா ஊத்தினியே, அதால ஒரு கோழி பொழச்சுதுன்னு உன்னால காட்ட முடியுமா?"

இருபது வருடத்தில் ஒருவரும் அவரை இப்படிக் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அவள் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு கட்டம் போட்டாள். இடது, வலது. தினமும் காலையில் செத்த கோழிகளைப் பொறுக்கி எண்ணி எழுதினாள். இடது முப்பத்தெட்டு, வலது நாற்பது. மறுநாள் நாற்பத்தொன்று, முப்பத்தொன்பது. அதற்கடுத்த நாள் நாற்பத்துநான்கு, நாற்பத்துநான்கு. ஓம வாசனை மட்டும் ஆளைத் தூக்கியது. கொட்டகைக்கு இருபது அடி தள்ளி நின்றாலே மூக்கில் ஏறும். டானிக் ஒவ்வொரு நாளும் வந்து பார்த்து, சுவரைப் பார்த்து, தங்கை முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். ஜெயித்துவிட்டோம் என்று அவருக்குச் சந்தோஷமா என்றால், சத்தியமாக இல்லை. செத்த கோழிகளைக் கூடையில் அள்ளிக் குழிக்குத் தூக்கிக்கொண்டு போகிற தங்கையைக் கண்டால் ஓடிப்போய்க் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்வார்.

நான்காம் நாள் காலை. கூடையைக் கீழே வைத்துவிட்டு அவள் சுவருக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அண்ணே, கொஞ்சம்கூட வித்தியாசமே இல்லையே."

"அதான் சொன்னேனே, கேக்காதுன்னு."

"இல்ல, கேக்கலன்னாகூட ஏதோ ஒண்ணு மாறணும். புது வாசன, புது ருசி. கோழி தண்ணி குடிக்கறதாவது கூடணும், இல்ல குறையணும். தொட்டில தண்ணி இறங்கற அளவுகூட ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே தண்ணியத்தான் குடிக்குது போல."

விறுவிறுவென்று உள்ளே போனாள். இடது பக்கக் குழாயின் முதல் நிப்பிளை விரலால் தட்டினாள், உள்ளங்கையில் சொட்டு விழுந்தது, முகர்ந்தாள். அடுத்த நிப்பிள், அடுத்தது. கோழிகள் காலுக்கிடையில் ஓட, குனிந்தபடியே கொட்டகையின் கடைசி வரைக்கும் ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே போனாள். கொட்டகையே ஓமமாக மணக்கிறபோது கையில் இருக்கிற சொட்டு மணக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு முறையும் வெளியே ஓடிவந்து, தள்ளிப் போய், கையை முகர்ந்துவிட்டுத் திரும்ப ஓடினாள். பார்க்கிறவர்களுக்கு விசித்திரமாகத்தான் இருந்திருக்கும். ஒரு சொட்டிலும் ஓமம் மணக்கவில்லை. கடைசியில் ஏணியைச் சாத்தித் தொட்டிமேல் ஏறி மூடியைத் திறந்தாள்.

"அண்ணே, மேல வா. வந்து பாரு."

டானிக் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். தொட்டித் தண்ணீரின்மேல் மஞ்சளாக எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது. சுவரில் ஒரு வளையமாக ஒட்டியிருந்தது. நான்கு நாளாக ஊற்றிய எண்ணெய் முழுக்க அங்கேதான் இருந்தது. குழாய் தொட்டியின் அடியிலிருந்து போகிறது. கோழிகள் குடித்ததெல்லாம் வெறும் தண்ணீர்.

"எண்ணெய் தண்ணியில மிதக்கும்னு பச்சக்குழந்தைக்குத் தெரியும்" என்றாள் அவள். "வாசனதான் ஏமாத்திடுச்சு. மூக்க நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்." ஏணியில் நின்றபடியே சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஆறாயிரத்தில் முந்நூறுக்கு மேல் ஏற்கெனவே குழிக்குள் போயிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார்கள். டானிக்காக இருந்தால் கம்பெனியைத் திட்டியிருப்பார். அவள் இறங்கி, ரொட்டிக்கடைக்குப் போனாள். ஆமாம், ரொட்டிக்கடைக்குத்தான். கேக் மாவில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் எப்படி நிற்கிறது என்று கடைக்காரரைக் கேட்டாள். அவர் ஒரு டப்பாவைக் காட்டினார். சோயாவிலிருந்து எடுக்கிற லெசித்தின். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, கோழிக்கு அது ஆகுமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள். வீட்டு மிக்ஸியில் எண்ணெய், தண்ணீர், லெசித்தின் மூன்றையும் போட்டு அடித்தாள். பால் மாதிரி வெள்ளையாக வந்தது. ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றி ஜன்னலில் வைத்துவிட்டாள். மறுநாள் காலையிலும் பிரியாமல் நின்றது.

அதைத் தொட்டியில் ஊற்றுவதற்கு முன்னால், குழாயில் அடைக்காமல் போகுமா என்று பார்க்க ஒரு முனையைக் கழற்றினாள். விரலை விட்டு எடுத்தால், விரலில் சளி மாதிரி கொழகொழவென்று ஒன்று வந்தது. வலது குழாயைக் கழற்றினாள், அதிலும் அதேதான். எட்டு வருடம் சர்க்கரை கலந்த மருந்தும், சத்து நீரும், டானிக்கின் டானிக்கும் போன குழாய் அது. உள்ளே சுவர் முழுக்கப் படிந்திருந்தது.

டாக்டரம்மா போனில் அலறியே விட்டார். "கிருமி குடித்தனம் பண்றதே அதுலதாம்மா! மருந்து மேல ஓடிப் போயிடும், அதுங்க உள்ள பத்திரமா இருக்கும். முதல்ல அத எடுங்க!"

"ரெண்டு பக்கமும் எடுக்கணுமே" என்றாள் தங்கை, ஏதோ தப்பு செய்துவிட்டவள் போல. "ஒரு பக்கம் மட்டும் எடுத்தா அந்தப் பக்கம் எதால சரியாச்சுன்னு குழம்பிடும்."

அன்று அண்ணனும் தங்கையுமாகக் கொட்டகைக்குள் மூன்று மணி நேரம் வேலை செய்தார்கள். கோழிகளுக்குப் பிளாஸ்டிக் தட்டுகளில் தண்ணீர் வைத்துவிட்டு, குழாய்களை மேலே இழுத்துக் கட்டி, கழுவும் திரவத்தை ஓட்டி ஊறவிட்டு, மோட்டாரைப் போட்டு அடித்து வெளியேற்றினார்கள். குழாய் முனையிலிருந்து பழுப்பு நிறத்தில் திரி திரியாக வந்தது. டானிக் அதை வாளியில் பிடித்துக்கொண்டு நின்றார். தான் விற்றதெல்லாம் வரிசையாகத் திரும்பி வருவதுபோல அவருக்கு இருந்தது. வாளி நிறைய நிறைய அவரே தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினார்.

தண்ணீர் தெளிந்து வந்த பிறகு இடது தொட்டியில் வெள்ளைக் கலவையை ஊற்றினாள். வலது தொட்டியில் வெறும் தண்ணீர்தான்.

மூன்றாம் நாள் சுவரில் இடது இருபத்தொன்று, வலது இருபத்தைந்து. அதற்கடுத்து பன்னிரண்டு, பதினேழு. பிறகு ஏழு, பதினொன்று. முப்பதாம் நாள் இடது நான்கு, வலது ஒன்பது. கோழிகள் தீவனத் தட்டைச் சுற்றி மறுபடியும் சண்டை போட ஆரம்பித்தன. அடேயப்பா, அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் எத்தனை நாள் காத்திருந்தார்கள்! டானிக் வாசலில் நின்று ஒரு குழந்தை மாதிரிக் கைதட்டினார்.

முப்பத்தோராம் நாள் சூப்பர்வைசர் வந்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார். அவர் கையில் டைப் அடித்த தாள் ஒன்று இருந்தது.

"அக்கா, பிரமாதம். மேல பேசிட்டேன். இந்த எண்ணெயக் கம்பெனியே பாட்டில்ல போட்டு எல்லாப் பண்ணைக்கும் குடுக்கப் போகுது. உங்களுதுதான் மாதிரிப் பண்ணை. குஞ்சுக்குக் கவலையே வேணாம். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

அவள் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். நோய் ஓம எண்ணெயால் முற்றிலும் கட்டுப்பட்டது என்று இருந்தது. டானிக் பேனாவை எடுத்து மூடியைக்கூடக் கழற்றி நீட்டிவிட்டார். அவருக்கு அந்த நிமிடம் வேறொன்றும் வேண்டாம். கையெழுத்து, குஞ்சு, கொட்டகை, தங்கை முகத்தில் பழைய சிரிப்பு.

"இது அப்படி இல்லங்க" என்றாள் அவள்.

"எது அக்கா?"

"சுவரப் பாருங்க. வலது பக்கம் ஒரு சொட்டு எண்ணெய் குடிக்கல. அதுவும் நாப்பத்துநாலுலருந்து ஒம்பதுக்கு வந்திருக்கு. அது குழாய் கழுவினதால வந்தது. எண்ணெய் குடிச்ச பக்கம் அதவிடக் கொஞ்சம் நல்லா இருக்கு, அவ்வளவுதான். அந்தக் கொஞ்சமும் எண்ணெயாலதானான்னு இன்னும் ரெண்டு தடவ செஞ்சு பாத்தாத்தான் சொல்ல முடியும்."

"அக்கா, இதையெல்லாம் யார் வந்து பாக்கப் போறாங்க?"

"இன்னொருத்தி இந்தத் தாள நம்பி, கொழகொழன்னு இருக்கற குழாயில எண்ணெய ஊத்துவா. அவ கோழி சாகும். அப்புறம் எண்ணெயும் பொய்யின்னு தூக்கிப் போட்டுட்டுப் பழைய மருந்துக்கே போயிடுவா. எனக்கு இந்த எண்ணெய் மேல நம்பிக்க இருக்குங்க. அதனாலதான் அதப் பத்திப் பொய் சொல்ல மாட்டேங்கறேன்."

சூப்பர்வைசரின் பல் மறைந்துவிட்டது. மேலே பேசிவிட்டு வந்தவர் அல்லவா! வாசல் மேசையில் கிடந்த லேப் அறிக்கையை எடுத்துப் புரட்டினார். "சரி, உண்மையே பேசுவோம். எட்டு மருந்தும் கேக்கலன்னு இதுல இருக்கு. இஷ்டத்துக்கு ஊத்தியிருக்கீங்க. டாக்டர் சீட்டு இருக்கா? சீட்டு இல்லாம மருந்து ஊத்தின பண்ணைக்குக் குஞ்சு கிடையாது, தெரியும்ல? யார் ஊத்தினது?"

அவள் ஒரு கையால் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "என் கொட்டகை. என் தப்பு."

டானிக் கையில் பைக் சாவி இருந்தது. நழுவிப் போயிருக்கலாம். போய்விடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றவும் செய்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. முப்பத்தேழு பண்ணை அவரை நம்பி இருக்கிறது, அந்த முப்பத்தேழையும் நம்பி அவர் இருக்கிறார். ஆனால் லேபில் காலண்டரைப் பார்த்தது போதும் என்று இருந்தது. அவமானமாக இருந்தது, தங்கையை நினைத்தால் பெருமையாகவும் இருந்தது. சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"நான்தான் ஊத்தினேன்" என்றார். "அவளுக்கு என்ன தெரியும், அண்ணன் சொன்னான், செஞ்சா. முதல் நாள் மருந்து எட்டு வருஷமா என் கையால போனது. இங்க மட்டும் இல்ல சார், முப்பத்தேழு பண்ணையில. பேரு, இடம், என்ன மருந்து, எல்லாம் எழுதித் தரேன். லேபுல குடுத்து எல்லா எடத்துலயும் பாக்கச் சொல்லுங்க."

"அண்ணே, சும்மா இரு" என்றாள் தங்கை.

"எட்டு வருஷம் சும்மா இருக்க வேண்டிய எடத்துலதான் பேசினேன். இப்பவாவது பேச விடு."

சூப்பர்வைசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டைப் அடித்த தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் அவள் சொல்லச் சொல்லத் தன் கையாலேயே எழுதினார். குழாய், எண்ணெய், இடது, வலது, எல்லாம். அடியில் டானிக் சொன்னதையும் எழுதிக்கொண்டார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். "மேல குடுக்கறேன். என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோழிகள் நாற்பதாம் நாள் லாரி ஏறின. கொட்டகை கழுவிக் காலியாகக் கிடந்தது. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று, கம்பெனியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. இதற்குள் டானிக்கின் முப்பத்தேழு இருபதாகி, பதினொன்றாகிவிட்டது. மருந்து கேட்டால் "குழாயக் கழட்டு, பாக்கலாம்" என்கிற மருந்துக்காரனை யார் வைத்துக்கொள்வார்கள்? பட்டியலில் தன் பெயர் இருப்பது தெரிந்து ஒருவர் கேட்டைச் சாத்தினார். இன்னொருவர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. டானிக் தினமும் தங்கை வீட்டுக்கு வந்து, காலிக் கொட்டகையைப் பார்த்துவிட்டுப் போனார்.

பதினேழாம் நாள் காலை பத்து மணிக்கு வாசலில் லாரி நின்றது. முன்னால் சூப்பர்வைசரின் வண்டி. பெட்டி பெட்டியாகக் கீச்கீச்சென்று சத்தம்.

"ஆறாயிரம்" என்றார் சூப்பர்வைசர், தாளை நீட்டியபடி. "திரும்பவும் பாதி பாதியாச் செஞ்சு பாக்கச் சொல்லியிருக்காங்க. டாக்டரம்மாவும் வருவாங்க. அப்புறம், மருந்து விக்கறவங்க யாரும் கேட்டத் தாண்டக் கூடாது. எழுத்துலயே இருக்கு."

டானிக் கேட்டுக்கு வெளியே தள்ளி நின்றுகொண்டார். நியாயம்தான் என்று அவருக்கே தெரிந்தது. தங்கை பெட்டிகளைத் திறந்து குஞ்சுகளை இறக்கினாள், ஒவ்வொன்றின் அலகையும் நிப்பிளில் தொட்டுத் தொட்டுத் தண்ணீர் காட்டினாள். எட்டு வருடத்தில் முதல் தடவையாக அது வெறும் தண்ணீர். எல்லாம் முடிந்து, கையைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டருகே வந்தாள்.

அவருக்குப் பல நாளாக ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "எனக்கு ஒண்ணு சொல்லு. அன்னைக்கு அந்தத் தாள நீட்டினப்ப, கொட்டகையே போற நேரத்துல, எப்படிடி அவ்வளவு தைரியமா நின்னே?"

"தைரியமா?" என்றாள் அவள். "அண்ணே, நான் மேசையப் புடிச்சுக்கிட்டு நின்னேன். இல்லாட்டி விழுந்திருப்பேன். நீ பேச ஆரம்பிச்சப்புறம்தான் கைய எடுத்தேன்."